வராதவற்றின் அட்டவணை

ரோவனியெமி. இருட்டி ஒரு மணி நேரம் ஆகிறது,
மணி மூன்றுதான்.
சம்ப்ஸா வெள்ளைப் பலகையில் ஒரு துருவமான் வரைகிறான்.
நாய் போல வந்திருக்கிறது.
கழுத்தில் பட்டை, பட்டையில் ஓர் எண்.

"எண்தான் சாவி."
மானுக்கு ஓர் அறை.
அறைக்குள் அது நடந்த தடமெல்லாம்
புதியது மேலே, பழையது கீழே.
பதினோராயிரம் அறைகள், ஆறு சர்வர்கள்.
4417 எங்கே என்று தட்டினான்.
கண்ணிமைப்பதற்குள் பதில்.
காப்பி குடித்தோம்.

மார்ச்சில் இனாரியிலிருந்து பிரெத் வந்தாள்,
கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
"இன்றிரவு ஆற்றுக்கு வடக்கே யார் யார்?"
எவை என்று கேட்கவில்லை.
யார்.

அதற்குப் பதினோராயிரம் கதவையும் தட்ட வேண்டும்.
தட்டினோம். ஆறு இயந்திரங்களும் மூச்சிரைத்து
பாதி வழியில் உட்கார்ந்துவிட்டன.
கேள்வி தெரியாமல் கட்டிய வீட்டில்
வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் தப்பான பக்கம்.

ஆகவே இன்னொரு அட்டவணை.
பள்ளத்தாக்கும் தேதியும் சாவி.
அதே தடம், இரண்டாம் முறை எழுதப்படும்.
ஓர் உண்மைக்கு ஓர் இடம் என்று
கல்லூரியில் மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்;
கை கொஞ்சம் கூசியது.
பிறகு பழகிவிட்டது, பொய் பழகுவது போல,
ஆனால் இது பொய்யில்லை.

ஜூனில் நெடுஞ்சாலை நாலில் ஒரு லாரி.
இறந்ததன் எண்ணை அழித்தேன்.
இந்தக் கிடங்கில் அழிப்பதும் ஓர் எழுத்து:
இருந்த இடத்தில் ஒரு நடுகல் முளைக்கும்,
பத்து நாள் நிற்கும்,
அந்த வழியே படிக்கப் போகும் எதுவும்
அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.
யார் இதை வடிவமைத்தார்களோ,
துக்கம் தெரிந்தவர்கள்.

அக்டோபரில் மந்தை எல்லாம் ஒரே வேலிக்குள்.
ஒரே பள்ளத்தாக்கு, ஒரே தேதி, ஒரே சாவி.
ஒரு சர்வர் கொதித்தது,
ஐந்து கொட்டாவி விட்டன.
பட்டை எண்ணை எட்டால் வகுத்து
மீதியைச் சாவியோடு ஒட்டினேன்.
வேலி எட்டாகப் பிளந்தது.
இனி எதையும் எட்டு முறை கேட்க வேண்டும்.
பரவாயில்லை என்று சம்ப்ஸா சொன்னான்,
வேலிக் கம்பத்தில் மடிக்கணினியை வைத்தபடி,
விரல் விறைத்து.

பிரெத் திரையைப் பார்க்கவில்லை.
சுற்றிச் சுற்றி ஓடும் கொம்புகளைப் பார்த்தாள்.
அவளுடையவை இருநூற்றுச் சொச்சம்.
"யார் வரவில்லை?" என்றாள்,
எங்களிடமா, மானிடமா தெரியவில்லை.

அதற்கு அட்டவணை இல்லை.
இல்லாத மதிப்புக்கு இங்கே இடமே செலவில்லை,
வெறுமை ஒரு பைட்கூடத் தின்னாது;
விற்கும்போது அதைத்தான் பெருமையாகச் சொன்னோம்.
வராததற்கு எந்தச் சாவி?

அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்:
"வெள்ளைக்காதி. அவள் கன்று."

அன்றிரவு விடுதி அறையில்
செய்யவே கூடாது என்று நானே எழுதிவைத்த ஒன்றைச் செய்தேன்.
ஒரு கதவு, மறு கதவு, அடுத்தது,
மெதுவாக, இயந்திரம் இளைக்காதபடி,
பதினோராயிரத்தையும்.
கடைசித் தடம் பழையதாகிப்போனவை ஏழு.
அதில் ஒன்று 4417.

அது எங்கே என்று இப்போது கேட்டாலும்
கண்ணிமைப்பதற்குள் பதில் வருகிறது,
ஆற்றுக்கு வடக்கே, துல்லியமாக,
செப்டம்பர் ஒன்பதின் பதில்.