நானூறு மில்லிகிராம்

மருத்துவமனையின் அடித்தளத்தில்
மருந்தில்லா மருந்தை நிரப்புவது என் வேலை.
கையுறை, முகக்கவசம், மின்தராசு,
எல்லாம் முறைப்படி.
உள்ளே ஒன்றுமில்லைதான், ஆனாலும்
ஒரு மில்லிகிராம் கூடவோ குறையவோ கூடாது.

வெள்ளைத் தூள். மரக்கூழிலிருந்து வருவது.
நாக்கில் வைத்தால் ஈரக் காகிதம்.
குப்பியில் ஒட்டும் சீட்டில்
ஒளிவுமறைவின்றி அச்சடித்திருக்கிறோம்:
‘இதில் மருந்து இல்லை.
காலையில் இரண்டு. இரவில் இரண்டு.’

இந்த ஆய்வில் யாரையும் ஏமாற்றுவதில்லை.
அதுதான் ஆய்வே.

தௌனோ வந்தது நவம்பரில்.
ஔலு நகரத்து நவம்பர்
மூன்று மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடும்.
முப்பத்தொரு வருடம் கூழாலையில் இருந்தவர்,
பதினான்கு வருடமாக முதுகோடு மல்லுக்கட்டுகிறவர்.
படம் எடுத்துப் பார்த்தார்கள்;
எலும்பெல்லாம் வயதுக்கேற்றபடி
ஒழுங்காகவே இருக்கிறதாம்.
‘அப்படியென்றால் வலிக்கிறது யாருக்கு?’
என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

செவிலி இர்மெலி படிவத்தை வாசித்தாள்.
குத்துகிறதா, குடைகிறதா,
கடுக்கிறதா, எரிகிறதா,
விண்விண்ணென்று தெறிக்கிறதா,
சுண்டி இழுக்கிறதா?
தௌனோ நெடுநேரம் சன்னலைப் பார்த்தார்.
‘மாடி வீட்டுக்காரன்
ராத்திரி முழுக்க மேசை நாற்காலியை
இடம் மாற்றுகிறான்.’
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.
பத்துக்கு எவ்வளவு?
ஏழு.

மூன்றாம் வாரம்: நான்கு.
‘காலுறையை நானே மாட்டிக்கொண்டேன்’ என்றார்,
களவு செய்து பிடிபட்டவரைப் போல.
மாடி வீட்டுக்காரன்?
‘போகவில்லை.
கம்பளம் விரித்திருக்கிறான்.’

பொய் என்று எழுதிக் கொடுத்த பிறகும்
மெய் நம்பிவிட்டது.
மேலே மூளை அறிவியலாளர்கள்
இதற்கு வண்ண வண்ணப் படங்கள் வைத்திருக்கிறார்கள்.
நான் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும்.

சிஸ்கோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பள்ளிச் சமையலறையில் தோள் போனவள்.
ஒன்பதில் தொடங்கினாள், ஒன்பதில் முடித்தாள்.
கடைசி நாள் குப்பியை மேசைமேல் வைத்து,
‘எல்லாம் என் நினைப்புதான் என்றார்களே,
நினைத்துப் பார்த்தாயிற்று,
போதுமா?’ என்றாள்.
கட்டுரையில் அவள் சராசரிக்குள் இருக்கிறாள்.

தூள் எதிலிருந்து வருகிறது என்று
தௌனோவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்.
படியிறங்கி என் அறைக்கே வந்துவிட்டார்,
கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக.
‘எங்கள் ஆலை மரமா?’
சான்றிதழைப் புரட்டினேன்.
நாடு இருந்தது. ஆலை இல்லை.
எங்கள் ஆலை என்றே வைத்துக்கொள்கிறேன் என்று
சிரித்தார். இருமினார்.
‘முதுகு முழுசையும் வாங்கிக்கொண்டது.
இப்போது சில்லறை தருகிறது.’

போகவில்லை. நின்று பார்த்தார்.
நான் தூளை அள்ளுவது,
தராசு நடுங்கி அடங்கும்வரை காத்திருப்பது,
ஊசிமுனையளவு கூடிப்போனதை
கரண்டியால் திரும்ப எடுப்பது.
‘இதற்கா
இவ்வளவு கவனம்?’

என்ன சொல்வது என்று தெரியவில்லை.
விதிமுறை என்றேன்.

மார்ச்சில் ஆய்வு முடிந்தது.
ஒன்றுமில்லாததற்கு ஒதுக்கிய நிதியும் முடிந்தது.
மருந்தகக் கணினியில் இதற்கு விலை எண் கிடையாது,
விற்கவும் முடியாது, தரவும் முடியாது.
அவரும் கேட்கவில்லை.
கடைசிக் குப்பியில் நான்கை மட்டும்
தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம்,
மோசமான ஒரு நாளுக்கு.

ஏப்ரலில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன்.
ஆற்றில் பனி விரிசல் விடும் சத்தம்.
காற்றில் ஆலையின் கந்தக வாடை.
எண்ணைக் கேட்க எனக்கு
எப்போதுமே அதிகாரம் இருந்ததில்லை.
கேட்டேன்.

பேருந்து வந்து நின்று,
கதவு திறந்து, மூடி, போய்விட்டது.
‘எப்போது?’ என்றார்.
‘நீங்கள் கேட்பதற்கு முன்பா,
இப்போதா?’