இன்று காலைதான்

தேத்தண்ணிக்குத் தண்ணி கொதித்த நேரம்தான் இருக்கும்.
திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது,
சாவி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.
வாசலில் அவருடைய வலது செருப்பும்
என்னுடைய வலது செருப்பும்.
இரண்டு இடது செருப்புகளோடு
எழுபத்தொரு வயது மனிதர்
எவ்வளவு தூரம் போவார்?

லிஃப்ட் பழுது. படிகளில் இறங்குகையில்
கீழ்வீட்டு ஃபரீனா எட்டிப் பார்த்தாள்.
"சேர் கடற்கரைப் பக்கம் போன மாதிரி."
கடற்கரைப் பக்கம் என்றால் தண்டவாளம்.
அங்கே அவர் இல்லை என்பதை
மூன்று முறை பார்த்தேன்.

பிறகு காலி வீதி.
செவ்விளநீர்க்காரர், மருந்துக் கடை,
பொம்மைக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்த பெடியன்,
எல்லோருக்கும் போனில் படம் காட்டினேன்.
மகளின் கலியாணப் படம். கோட் போட்டுச் சிரிக்கிறார்.
"இப்படிச் சிரிக்கிற ஆளா?" என்றாள் லொத்தர் விற்பவள்.
இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளவத்தைப் பொலிசில்
சார்ஜன்ட் பெரிய கொப்பியை விரித்தார்.
காணாமல் போய்விட்டார் என்றேன், சிங்களத்தில்.
அவர் பேனையைக் கீழே வைத்தார்.
என் பொட்டைப் பார்த்தார்,
அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தார்.
மெதுவாகக் கேட்டார்:
"எந்த வருசம்?"

இன்று காலைதான், என்றேன்.
இன்று காலைதான்.
அவருக்கு மூச்சு வந்தது.

அல்சைமர் என்பதை எப்படி எழுதுவது என்றார்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
வேறு அடையாளம்?
துறைமுகத்தில் கணக்கு எழுதினவர்.
கூட்டல் மறந்த பிறகும்
எந்தத் துண்டைக் கண்டாலும்
அடியில் இரட்டைக் கோடு போடுகிறவர்.
சார்ஜன்ட் எழுதினார்: உயரம் ஐந்தடி ஏழு.

பதினொன்றே கால்.
டொரன்டோவில் மகள் தூங்குகிறாள். எழுப்பவில்லை.
ஓட்டோக்காரச் சமிந்தவின் அழைப்பு:
"கால்வாய்ப் பாலத்தடியில, அன்டி.
மூன்று மணித்தியாலமா நிக்கிறார்.
கூப்பிட்டால் வாறாரில்லை."

முன்பு மணல்மூட்டையும் தகரமும் இருந்த இடத்தில்
இப்போது போன் கடை. அதன் முன்னால் நிற்கிறார்.
தனியாகத்தான். ஆனால் வரிசையில் நிற்பவர்போல,
முன்னால் ஒருவருக்கு இடம்விட்டு,
பின்னால் ஒருவரின் மூச்சைக் கழுத்தில் தாங்கி.
நெஞ்சு உயரத்தில், பெயர் வெளியே தெரிய,
கிளினிக் அட்டை.
சமிந்த இரண்டாயிரத்தைந்தில் பிறந்தவன்.
அவனுக்கு எப்படி விளங்கும்?

வாங்கோ, வீட்டை போவம், என்றேன்.
"வரிசை," என்றார், என்னைப் பார்க்காமல்.
"பின்னுக்கு நில்லுங்கோ."
நின்றேன்.

காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
இதே முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.
"தமிழில கதையாதை" என்று
திரும்பாமலே சொன்ன கழுத்து இது.
இப்போது கொலரில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருக்கிறது.

சுற்றி வந்து முன்னால் நின்றேன்.
கையை நீட்டினேன்.
தந்தார்.
சீனி அளவு, பிரஷர், அடுத்த கிளினிக் திகதி,
எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தேன்,
அவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள்.
அட்டையைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன்.
திரும்பவும் அட்டையை.
பிறகு, அவர்களிடம் கேட்டுப் பழகிய அதே குரலில்:
"ஹரி. யன்ன."

தோள்கள் இறங்கின.
எனக்கு நன்றி சொன்னார், சிங்களத்தில்.
அட்டையைச் சட்டைப்பையில் வைத்து,
வெளியே தொட்டும் பார்த்துக்கொண்டு
வீட்டுத் திசையில் நடந்தார்.
ஒருக்கால் திரும்பி என்னிடம்,
"மனிசி பாத்துக்கொண்டிருப்பா," என்றார்.
ஓம், என்றேன். அவ பாத்துக்கொண்டுதான் இருப்பா.

பின்னேரம் சார்ஜனுக்குச் சொன்னேன்.
"நல்லது, நல்லது. கோடு போட்டு முடிக்கிறேன்."
அடிமட்டம் வைத்து இழுக்கிற சத்தம் போனில் கேட்டது.
இத்தனை வருசத்தில் அந்தக் கொப்பியில்
இப்படி முடித்த பெயர்கள் எத்தனை
என்று கேட்க வாயெடுத்தேன்.
அடுப்பில் தண்ணி கொதித்தது.
கதவைப் பார்க்கப் போனேன்.