மாற்றக் கோரிக்கை எண் 212

இன்றிரவு பதினொன்றரைக்குப் பழைய சர்வர் அணையும்.
சென்னை ஒப்புதல் தந்தாயிற்று.
இடர்ப் பட்டியலில் பதினேழு வரிகள்.
வாடைக்காற்று ஒன்பதாவது:
வாய்ப்பு குறைவு, பாதிப்பு நடுத்தரம்.
நான் எழுதியதுதான்,
ஏசி அறையில்.

மண்டபம் டோக்கன் ஆபீஸ். ஜன்னல் கம்பியில் உப்பு.
"புதுசு ஓடலேன்னா எதுல திரும்பி வர்றது மேடம்?"
பெர்க்மான்ஸ் கேட்கிறார்.
பக்கம் நாற்பதில் இருக்கிறது என்றேன்.
அவர் தன் நோட்டைத் திறந்தார்.
கரையேறிய படகை ஒவ்வொன்றாய் அடித்துவிடுவார்.
நேற்றுப் போனதில்
மூன்று இன்னும் அடிபடவில்லை.

பதினொன்று இருபது.
பாம்பனில் கூண்டு ஏற்றிவிட்டார்களாம்.
என்டர் மேலிருந்த விரலை எடுத்தேன்.

ஒத்திவைக்கக் காரணம் கேட்கிறது திரை,
சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டம்.
மூன்று படகு எண்களையும் அடிக்கிறேன்.

பட்டியலில் இல்லை என்கிறது.