நிழலுக்கு இழப்பீடு

கோட்டூர்புரம், தரைத்தளம்.
வெள்ளம் வடிந்து ஒன்பதாம் நாள்.
ஷூவுக்குப் பிளாஸ்டிக் பை கட்டிச் சேற்றில் நிற்கிறேன்,
கையில் காப்பீட்டுப் படிவம்.

ஃப்ரிட்ஜ், மெத்தை, வாஷிங் மெஷின் எழுதியாயிற்று.
"இதையும் எழுதிக்கோங்க" என்றார் வகுளா வேதகிரி.
சுவரில் ஆளுயர லட்சுமி.
எண்ணெய்ச் சாயம், கேன்வாஸ்.
வரைந்தவர் பெயர் இருந்த மூலையை
ஆறு எடுத்துக்கொண்டது.

அவளுக்குப் பின்னால் குஞ்சம் வைத்த வெல்வெட் திரை,
பளிங்குத் தூண்,
அதற்கும் அப்பால் பனிமலை, ஊசியிலை மரங்கள்,
இந்த ஊரில் யாரும் குளித்திராத ஏதோ ஏரி.
உடம்பில் அரக்குக் கட்டம் போட்ட காஞ்சிபுரம்.
கிரீடத்தில் மட்டும் தஞ்சாவூர்த் தங்க ரேக்கு,
கண்ணாடிக் கல்.
நாலு கைக்கும் முழங்கை சரியாக மடிகிறது;
பின்கை இரண்டும் தோளில் எங்கே பூட்டியிருக்கிறது என்பதை
முந்தானையை இழுத்து மறைத்திருக்கிறார், கெட்டிக்காரர்.
முகம்,
மதியச் சாப்பாடு தராமல் நிற்கவைத்த
யாரோ ஒரு பெண்ணின் முகம்.

"பூஜைப் பொருளா, கலைப் பொருளா?"
படிவத்தில் இரண்டு கட்டம்தான்.
பூஜை என்றால் ஐயாயிரத்துக்கு மேல் இல்லை.
கலை என்றால், நெற்றியில் அப்பிய குங்குமம்
ஏற்கெனவே இருந்த சேதம்.
இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
"வெள்ளிக்கிழமை சாமி. மத்த நாள் படம்."

டார்ச் அடித்தேன்.
சுவரில் ஓடிய தண்ணீர்க் கோடு
சட்டத்தைத் தாண்டி, கேன்வாஸிலும் அதே மட்டத்தில்,
அந்த ஏரிக்கரையைக் கொஞ்சமும் மதிக்காமல்.
அதற்குக் கீழே சாயம் கொப்புளித்து உரிந்து
தாமரை பாதி, பாதம் பாதி.

"இங்க ஒரு நிழல் இருந்தது" என்றார்.
"எங்கே?"
"கால் பக்கத்துல. இடப்பக்கம் ஜன்னல் இருக்கற மாதிரி.
வாங்கினப்பவே வீட்டுல சண்டையாம்.
தெய்வத்துக்கு நிழல் விழுமா, கால் தரையில படுமான்னு.
அதை அழிச்சுக் கொடு, அஞ்சு ரூபா சேர்த்துத் தரோம்னாங்களாம்.
வேணும்னா என் பேரை அழிச்சுக்கறேன்னாராம் அவர்."

நிழலுக்குப் படிவத்தில் இடமில்லை.
இருந்தும் கேட்டேன்: "எவ்வளவு பெரிசு?"

தொட்டுக் காட்டக் குனிந்தார்.
டார்ச் என் இடக்கையில்.
நூல் தெரியும் வெற்றுத் துணிமேல்,
மிச்சமிருந்த பாதத்தின் வலப்பக்கம்
அவருடையது போய் விழுந்தது.

"இவ்வளவுதான்" என்றார், அசையாமல்.

நான் டேப்பை எடுத்தேன்.