பதினேழாம் மனை, தெற்கு

மூன்றே கேள்விதான் ட்வைலா ஹாஸ்கியூவுக்கு.
தொடங்கியாயிற்றா?
முடிந்ததா?
விற்றதா?
யாருக்கு என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

மாதக் கடைசியில் வருவாள்,
அர்க்கன்சாவின் வடமேற்கு மூலைக்கு.
கோழிப்பண்ணை இருந்த சரிவில்
அறுபத்திரண்டு புது வீடுகள்.
மழை விட்ட மறுநாள்
மண்ணுக்கடியிலிருந்து இறகு வாடை வரும்;
வாசலில் நட்ட செவ்வந்தி அதை மறைக்கப் பார்க்கும்.

விலை மூன்று லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரம் டாலர்.
பாட்டா விலை:
மூன்றில் நின்றபடி
நான்கை எட்டிப் பார்ப்பது.

வடக்கே ஒன்பது மைலில் மிசூரி.
அதே கல் கலந்த செம்மண், அதே தச்சர்கள், அதே சாம்பல் பூச்சு.
கோட்டுக்கு அப்பால் விற்றால் மத்திய மேற்கு,
இப்பால் விற்றால் தெற்கு.
தச்சர்கள் மதியச் சாப்பாட்டுக்கு
ஒரு பிராந்தியம் விட்டு இன்னொன்றுக்குப் போய்
சட்டையில் கெட்ச்அப் கறையோடு திரும்புகிறார்கள்.

மார்ச்சில் பதினேழாம் மனை விற்றது.
அப்போது அங்கே இருந்தவை
ஆரஞ்சு நாடா கட்டிய நான்கு முளைக்குச்சிகள்.
கையெழுத்தும் முன்பணமும் விழுந்தால் போதும்,
கணக்குக்கு அஸ்திவாரம் வேண்டாம்.

அல்மிட்டா ஜிபாஸும் ரிம்மியும்
கோழி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து,
ரப்பர் பூட்ஸைக் காரிலேயே விட்டுவிட்டு
காலுறையோடு வந்தார்கள் மாதிரி வீட்டுக்குள்.
மார்ஷல் தீவுக்காரர்கள்.
அவர்கள் பிறந்த மண்ணில்
இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு நடக்க
ஒரு சிகரெட் நேரம் ஆகும்.

முளைக்குச்சிகளுக்கு நடுவே போய்
"சமையலறை எங்கே?" என்றாள் அல்மிட்டா.
விற்பனையாள் கோர்டெல் காட்டிய புல்லின்மேல் நின்று
அடுப்பு பற்றவைப்பவள்போல் கொஞ்சம் குனிந்தாள்.
அலமாரிக்குப் பச்சை கேட்டாள்.
வண்ண அட்டையில் இருந்த பச்சை எதுவுமில்லை;
பவளத் திட்டுக்கு உள்ளே
இடுப்பளவுத் தண்ணீர் நண்பகலில் காட்டும் பச்சை.
அதற்குத் தனியாக ஆயிரத்து இருநூறு.

ஏப்ரல் கடைசியில் பத்திரிகையில் ஒரு பத்தி:
நடு விலை வீடுகள் தெற்கில் ஏற்றம்,
மேற்கில் தேக்கம்,
வடகிழக்கு வழக்கம்போல் மெலிவு.
எண்களெல்லாம் ஆயிரத்தில்.
ரிம்மி அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.
ஒரு கடிகாரம் வாங்கியிருந்தார்கள்;
சுவர் வரட்டும் என்று பெட்டியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலையில் வட்டி அரை சதவீதம் ஏறியது.
ஆலையில் ஓவர்டைம் நின்றது.
ஆகஸ்டில் வங்கி ஒரு பக்கக் கடிதம் எழுதியது.
"பதினேழு திரும்பி வந்துவிட்டது" என்றான் கோர்டெல்,
ஓடிப்போன பூனையைச் சொல்வதுபோல்.

ட்வைலா படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள்.
திரும்பி வந்ததற்குக் கட்டமில்லை.
மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.
விற்றது விற்றதுதான், விட்டுவிடு என்றார்.
மறுபடி விற்றாலும் எண்ணாதே,
ஒருமுறை எண்ணியாயிற்றே.

ஆக, மார்ச், தெற்கு, மூன்றிலிருந்து நான்கு லட்சம்:
அந்த நிரலில்
ஜிபாஸ் குடும்பம் இன்னும் குடியிருக்கிறது.
ஊருக்குள், துணி துவைக்கும் கடைக்கு மேலே
இரண்டு அறையில் ஏழு பேராய்ப் படுத்திருப்பதும்
அவர்கள்தான்.

வீடு முடிந்தது.
பச்சை யாருக்கும் பிடிக்கவில்லை.
பத்தாயிரம் குறைத்தார்கள்; நிரல் மாறவில்லை.
நவம்பரில் ஒரு பல் மருத்துவமனைக் கணக்கர் வாங்கினார்.

ட்வைலாவுக்கு அங்கே இனி வேலையில்லை.
பதினெட்டுக்குப் போகும் வழியில்
திறந்த கதவருகே வெள்ளைப் பெயின்ட் டின்.
"ஒரு நிமிஷம் இந்த ஏணியைப் பிடிக்கிறீர்களா?"
பிடித்தாள்.
அலமாரிக் கதவுகளின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை.
"உள்ளே பூசவில்லையா?"
படிவத்தில் இல்லாத கேள்வி.

"உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்" என்று இறங்கி,
கை துடைத்து,
உப்புச் சாடியை அந்தப் பச்சைக்குள் வைத்து
மூடினார்.