இடப்பக்கம் மட்டும் திரும்பும்

கொழிஞ்சாம்பாறை தாண்டி
அனீபா ராவுத்தர் தோப்பில்
தேங்காய்க் கணக்குப் பார்க்கப் போனவள்
கணக்கைப் பாதியில் விட்டுப்
புதருக்குள் கையை விட்டாள் அம்மா.
பாம்பிருக்கும் என்றேன்.
"இரு" என்றாள்.
பல்லொன்று உடைந்த சக்கரத்தைத் தடவி
"அந்த வண்டியேதான்" என்றாள்,
தொலைந்த ஆட்டைக் காதுவெட்டில் கண்டுபிடித்தவள்போல.

சங்கிலி டிராக்டர்.
பொள்ளாச்சியில் பதினொரு வருசமாக டீசல் பம்பு பிரிக்கிறேன்,
இப்படியொன்றைத் தொட்டதில்லை.
கொடியை அறுக்க அறுக்க வந்தது:
முழங்கால் ஆழ மண்ணில் பட்டைச் சங்கிலி,
புகைக்குழாயில் மைனாக் கூடு,
டேங்கில் எந்த வருசத்து மழையோ.
பெயர்ப்பலகையில் யார் நாட்டு எழுத்தோ, மூன்று மிச்சம்.
சீட்டு இருந்த இடத்தில்
ஆடாதொடை ஒன்று உட்கார்ந்திருந்தது.

ராவுத்தர் கிலோவுக்கு முப்பத்தாறு கேட்டார்.
"எடை போட எப்படித் தூக்குவீங்க?" என்றாள்.
அவர் தோப்பைப் பார்த்தார்,
வானத்தைப் பார்த்தார்.
அந்த மௌனத்தில் நாற்பதாயிரம் குறைந்தது.
மிச்சத்துக்கு ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள்.
என் தங்கை மூன்று நாள் போனை எடுக்கவில்லை.

கோபாலபுரம் சோதனைச்சாவடியில்
லாரியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
மலையாளத்தில் ஒருவர், தமிழில் ஒருவர்,
கேள்வி ஒன்றுதான்:
வண்டியா, பழைய இரும்பா?
வண்டியென்றால் பேப்பர் வேண்டும்,
இரும்பென்றால் பில் வேண்டும்.
"ஓடினா வண்டிங்க, ஓடாட்டி இரும்புங்க,
இன்னும் தெரியலைங்க" என்றாள் மயிலாத்தாள்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவர்
கடைசியில் 'இதர' என்று எழுதினார்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது.
டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி
ஒன்பது நாள் விட்டோம்.
தினமும் பால் கறந்து முடித்ததும்
கடப்பாறையால் ஃப்ளைவீலை நெம்பிவிட்டு வருவாள்.
"இன்னைக்கு ஒரு விரக்கடை நகந்துச்சு."
பொய்.
பத்தாம் நாள் உண்மையாகவே நகர்ந்தபோது
ஒன்றும் சொல்லாமல் மாட்டுத்தீவனம் வாங்கப் போய்விட்டாள்.

நாசிலுக்குக் கோயம்புத்தூர்.
பின்னுக்கு நெகமத்து லேத்துக்காரர்,
அவர் செய்த முதல் பன்னிரண்டும் அரை நூல் பெரிசு.
வலப்பக்க ஸ்டீரிங் கிளட்ச்சை மூன்றுமுறை கழற்றினேன்,
மூன்றுமுறையும் அதுவே ஜெயித்தது.

ஒரு ராத்திரி
கிரீஸ் போகாத கையோடு நான் சாப்பிட,
கல்லைப் பார்த்தபடி அவளாகச் சொன்னாள்.
காடுகளைச் சமன்படுத்த இது வந்தபோது
அவளுக்குப் பதினாலு.
வண்டிக்கு முன்னால் நடந்து
கல் பொறுக்க ஆறு பேர்.
ஒன்றேகால் ரூபாய்.
"நின்னா மேல ஏறிரும், ஓடுனா கல்லு விட்டுப்போயிரும்.
அந்த நடை இருக்குதே கண்ணு, அது ஒரு தனி நடை."
டிரைவர் யாரு?
"திரும்பிப் பாத்தாத்தானே."
கடைசி வாரக் கூலி வரவே இல்லை என்றாள்,
தோசையைப் பிய்யாமல் திருப்பிப் போட்டாள்.

சித்திரை ஏழு, கரண்ட் இல்லாத மதியம்.
கறுப்பாக ஓர் இருமல்,
வெள்ளையாக ஒன்று,
அப்புறம் நிற்கவேயில்லை.
எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு
கேரளாப் பக்கம் ஓடிற்று.
சேலையை இழுத்துச் செருகி ஏறினாள்.
இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும் என்று கத்தினேன்.
"போதும், போதும்."

மேட்டாங்காட்டில் வட்டமாகச் சுற்றினாள்,
வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்.
பிடிக்கப் போன எருமையை மறந்து
அவள் முகத்தைப் பார்க்க முன்னால் ஓடினேன்.
புகை. வெயில். தெரியவில்லை.
கையை ஆட்டினாள்,
விலகு என்றா, நட என்றா,
சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.
காலடியில் ஒரு கருங்கல் இருந்தது.
குனிந்து எடுத்து வரப்பில் எறிந்தேன்.
முதுகுக்குப் பின்னால் சங்கிலி.
திரும்பிப் பார்க்காமல்
அடுத்த கல்லுக்குக் குனிந்தேன்.