நான்கில் ஒன்று

நேரம் பார்த்துத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்,
சரியாக ராகுகாலத்தில்.
குடியாத்தம் மின்வாரியத்தில்
கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஏறுவார்கள் மற்றவர்கள்.
நான் லைன் செத்திருக்கிறதா என்று
இரண்டுதரம் பார்த்துவிட்டு ஏறுவேன்.

அப்படிப்பட்டவன்
மூன்று வாரமாய் இந்த நீலச் சட்டையை விடவில்லை.
ராத்திரி துவைத்துக் காலையில் போடுகிறேன்.
பரிதிக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று
என் உடம்பில் இருந்தது இது.
செங்கொடி கவனித்துவிட்டாள், கேட்கவில்லை.
அவளும் லாட்ஜ் மாடியில் நாலாவது படியை மிதிப்பதில்லை.
விரிசல் என்கிறாள்.
குனிந்து பார்த்தேன், விரிசல் இல்லை.

தங்கையின் மஜ்ஜை அண்ணனுக்குப் பொருந்த
நான்கில் ஒன்று வாய்ப்பு என்றார் டாக்டர்.
பித்தளைத் தாயக்கட்டைக்கும் நாலு முகம்தான்.
தாயம் விழாமல்
காய் இறக்காமலே தோற்ற ஆட்டங்கள் எனக்கு நிறைய.

இன்று பதினொன்றேகாலுக்கு விழுந்தது.
ஓவியா பொருந்துகிறாள்.
'லக்கி' என்றார் டாக்டர், பேனாவை மூடிக்கொண்டே.

வெளியே பெஞ்சில் மால்டாவிலிருந்து வந்த சுபோத்.
அவருக்காக மூன்று அண்ணன்கள், ஓர் அக்கா
ரயிலேறி வந்து ரத்தம் கொடுத்தார்கள்.
ஒருவருடையதும் சேரவில்லை.
மணிக்கட்டில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கயிறுகள்.
என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.
அந்தச் சந்தோஷம் நிஜம்,
அதுதான் தாங்கவில்லை.

கடவுள் தந்தார் என்றால்
இவருக்கு ஏன் தரவில்லை என்று சண்டைக்குப் போகவேண்டும்.
எனக்குத் தகும், கிடைத்தது என்றால்
அது அயோக்கியத்தனம்.
அதிர்ஷ்டம் வடசொல், தவிர்க்கவும் என்பார்
எங்கள் கூட்டத்து வாத்தியார் ஒருவர்.
கண்ணுக்குப் படாதது என்று பொருளாம்.

ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு
என்று இந்த ஊரைச் சொல்வார்கள்.
கொடுத்தவன் இல்லாத கொடுப்பினை ஒன்று
இங்கே இருக்கக்கூடாதா?

சுபோத்துக்கு ஒரு டீ வாங்கினேன்.
சர்க்கரை வேண்டாம் என்றார்.

ராத்திரி சட்டையை அலசி
மொட்டைமாடிக் கொடியில் போட்டேன்.
இரண்டு கிளிப் போதும், ஆறு மாட்டினேன்.
காற்றில் பறந்துவிடும் என்று செங்கொடியிடம் சொன்னேன்.
மே மாதம். வேலூர்.
ஓர் இலைகூட ஆடவில்லை.